லால்பாக்கில் மரம் பார்ப்பது எப்படி: டெல்டாவிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கத்தில் பெங்களூருவுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வீடுகள் ஏராளம். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போவார்கள். கண்ணாடி மாளிகை முன்னால் ஒரு படம், பூக்கடிகாரம் முன்னால் ஒரு படம், ஏரிக்கரையில் சற்று நேரம், பிறகு வீடு. 240 ஏக்கர் பரப்பில் பல கண்டங்களின் மரங்கள் பெயர்ப்பலகையுடன் நிற்கும் இடத்தை இப்படிப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால் நமக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னையையும் மாவையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அதன் பிறகு வரப்பிலும் கொல்லையிலும் என்ன மரம் நடலாம் என்ற பேச்சு ஊருக்கு ஊர் நடக்கிறது. மகோகனி, மலைவேம்பு, தேக்கு, வேங்கை என்று கன்றுகள் வந்து இறங்குகின்றன. கையில் வாங்கும்போது எல்லாக் கன்றும் முழங்கால் உயரம்தான். ஐம்பது ஆண்டு கழித்து அது எவ்வளவு இடத்தை அடைக்கும், கிளையை எப்படி விரிக்கும், வேரை மேலே நீட்டுமா என்பதையெல்லாம் கன்று சொல்லாது. முழுதாக வளர்ந்த மரத்தின் அடியில் போய் நின்றால்தான் தெரியும். தாவரவியல் பூங்கா அதற்கான இடம். ஊட்டியில் 1848-இல் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்காவும் அருமையானதுதான். ஆனால் அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தாவரங்கள், நம் வெயிலுக்கு வராதவை. லால்பாக்கின் மரங்களில் கணிசமானவை சமவெளியிலும் வளரக்கூடியவை. அதனால்தான் டெல்டாக்காரர்களுக்கு முதலில் லால்பாக்கைச் சொல்கிறேன்.

ஊரிலேயே தொடங்குங்கள்

அங்கே போய்த்தான் மரம் பார்க்கத் தொடங்குவது என்றால் ஒரு நாள் போதாது. கண்ணை முன்கூட்டியே பழக்க வேண்டும். அதற்கு நம் கோயில்களை விட்டால் வேறு நல்ல பள்ளிக்கூடம் இல்லை. திருவிடைமருதூரில் மருது, திருவானைக்காவில் வெண்ணாவல், சிதம்பரத்துக்குத் தில்லை, வைத்தீஸ்வரன்கோயிலில் வேம்பு என்று தலமரங்களின் பட்டியல் நீளமானது.

நேரம் இருப்பவர்கள் பஞ்ச ஆரண்யத் தலங்களை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். திருக்கருகாவூர் முல்லை வனம், அவளிவநல்லூர் பாதிரி வனம், அரித்துவாரமங்கலம் வன்னி வனம், ஆலங்குடி பூளை வனம், திருக்கொள்ளம்புதூர் வில்வ வனம். விடியற்காலையில் தொடங்கி அர்த்தசாமத்தில் முடிப்பது மரபு. வழிபாட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு இடத்திலும் கூடுதலாகச் சிறிது நேரம் செடியின் அருகே நில்லுங்கள். இலை தனி இலையா, பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலையா? எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? பட்டை வெடித்திருக்கிறதா, வழவழப்பாக உரிகிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகினால் போதும். மூன்று சிற்றிலை கொண்ட வில்வத்தையும் கூட்டிலை வன்னியையும் ஒரே நாளில் பார்த்தவருக்குக் கூட்டிலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறிய குறிப்பேட்டில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த உள்ளூர் மரங்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். புங்கம், பூவரசு, நாவல், மருது, இலுப்பை, புன்னை, வாகை, கொன்றை, இலவம், புளி. லால்பாக்கில் உங்களுக்கு வழிகாட்டப் போவது இந்தப் பட்டியல்தான்.

எப்போது போகலாம்

குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் கண்காட்சி நடக்கும். பூ அலங்காரம் பார்க்க ஆசை இருந்தால் அப்போது போங்கள், தப்பில்லை. ஆனால் மரம் பார்க்க அது ஏற்ற காலம் இல்லை. கூட்டம் நெருக்கித் தள்ளும்; ஒரு பலகையின் முன்னால் நின்று படிக்க முடியாது.

என் தேர்வு மாசி மாதம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் காலம். வீட்டை விட்டு இரண்டு நாள் நகர முடியும். பெங்களூருவில் அப்போது மழை குறைவு. தபேபுயா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பதையும், பின்னாலேயே ஜக்கரண்டா ஊதா நிறத்தில் தொடங்குவதையும் பார்க்கலாம். இந்த வரிசை தானாக அமைந்ததில்லை. 1908 முதல் 1932 வரை தோட்டக்கலைப் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஒன்று பூத்து முடியும்போது அடுத்தது பூக்கும்படி நகரத்துக்கான மரங்களைத் தேர்ந்து நட்டவர். சித்திரை, வைகாசியில் போனால் குல்மோகர் சிவந்திருக்கும். மாலை மழைக்கு ஆயத்தமாகப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கே மழை, அங்கேயும் ஈரம், தள்ளிப்போடுவது நல்லது.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் காலைக் குளிர் நம் ஊர் உடம்புக்கு உறைக்கும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

கடலூர் துறைமுகத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக பெங்களூரு சென்று மைசூரு வரை போகும் இரவு ரயில் இருக்கிறது. திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்தவர்கள் தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ வந்து ஏறிக்கொள்ளலாம். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். பண்டிகைக் காலம் என்றால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள். காலையில் பெங்களூருவில் இறங்கினால் அன்றைய பகல் முழுவதும் உங்களுடையது.

ரயில் நிலையத்தை ஒட்டி மெஜஸ்டிக் மெட்ரோ நிலையம். அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் தெற்கே போகும் வண்டியில் ஏறுங்கள். சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் கல்லூரி, அடுத்தது லால்பாக். இறங்கினால் பூங்காவின் மேற்கு வாயில் அருகிலேயே இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தேவையே இல்லை. மொழியைப் பற்றியும் கவலை வேண்டாம்; அந்த வட்டாரத்தில் தமிழ் புரிந்தவர்கள் நிறைய. பெங்களூருவின் தோட்டக்கலையில் பல தலைமுறைகளாக ஈடுபட்டுவரும் திகளர் சமூகத்தாரின் பூர்வீகமே தமிழ்ப் பகுதி என்பது அவர்களுடைய மரபு.

பூங்கா காலை 6 மணிக்குத் திறந்துவிடும், மாலை 7 மணிக்கு மூடும். நுழைவுக் கட்டணம் சிறிய தொகைதான். காலை வெயில் ஏறும் முன் உள்ளே போவது நல்லது. மரத்தின் உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் கண் கூசாது. சிற்றுண்டியை வெளியில் முடித்துக்கொள்ளுங்கள். லால்பாக் சாலையில் 1924 முதல் இயங்கும் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் சமையலறையில்தான் ரவா இட்லி பிறந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். நெல் விளைவிக்கும் ஊர்க்காரர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய இட்லி அது. பிளாஸ்டிக் பை, தட்டு எதையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. ஆனால் அது மரத்துக்கு மரம் நிற்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டியில் ஒரு சுற்றுப் போய்விட்டு, பிறகு ஒரே ஒரு பகுதியை மட்டும் நடந்து பார்ப்பது உத்தமம்.

முதலில் பாறை

மரம் பார்க்க வந்தவர்களைப் பாறைக்கு அழைத்துப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். லால்பாக் பாறையை முதலில் பார்த்தால்தான் மற்றது புரியும். பெங்களூருவை நிறுவிய கெம்பேகவுடாவின் பெயரிலான கோபுரம் உச்சியில் நிற்கும் இந்தக் குன்று, தீபகற்ப நைஸ் எனப்படும் பாறையால் ஆனது. வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

நம் பகுதியில் வீட்டுக் கொல்லையில் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலும் களியும்தான் வரும். பாறை என்றால் கோயில் கருங்கல்தான்; அதுவும் வெளியூரிலிருந்து வந்தது. அங்கே செம்மண்ணுக்கு அடியில் பாறை. மழைநீர் தங்காமல் வடிந்துவிடும். அந்த மண்ணில் செழிக்கும் மரம், ஐப்பசி அடைமழையில் பத்து நாள் தண்ணீர் தேங்கும் திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில் செழிக்கும் என்று சொல்ல முடியாது. பூங்காவுக்குள் எந்த மரத்தைப் பார்த்து ஆசைப்பட்டாலும் இந்தப் பாறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையில் ஏறும்போது வழுக்காத செருப்பு வேண்டும். மழை பெய்திருந்தால் ஏறாதீர்கள். குழந்தைகள் ஓடுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் இன்னொரு கல்லும் இருக்கிறது: சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, கல்லாகிப்போன மரத்தண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது. நம் பக்கத்து மாவட்டத்து மரத்தைப் பெங்களூருவில் போய்ப் பார்க்கிறோம். திரும்பி வந்த பிறகு திருவக்கரைக்கும் ஒருநாள் போய்வரலாம். அங்கே மரங்கள் விழுந்து கிடக்கும் நிலையிலேயே கல்லாகிக் கிடக்கின்றன.

பலகையைப் படிக்கும் முறை

பெரும்பாலான மரங்களில் ஒரு பலகை இருக்கும். இரண்டு சொற்களில் அறிவியல் பெயர், குடும்பப் பெயர், சிலவற்றில் பூர்வீகம். நம்மவர்கள் பலரும் ஊர்ப்பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் நகர்ந்துவிடுகிறார்கள். அறிவியல் பெயரில்தான் செய்தி இருக்கிறது.

முதல் சொல் பேரினம். அது ஒன்றாக இருந்தால் மரங்கள் நெருங்கிய உறவு. டெர்மினாலியா என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். டெர்மினாலியா அர்ஜுனா என்றால் நம் காவிரிக்கரை மருது. டெர்மினாலியா கடப்பா, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வாதாம் மரம். டெர்மினாலியா செபுலா கடுக்காய். டெர்மினாலியா பெல்லிரிகா தான்றி. திரிபலாவில் இரண்டு பங்கு இந்தப் பேரினத்திலிருந்து வருகிறது. நான்கு மரமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். முதல் சொல் அவற்றின் உறவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது சொல் அந்த இனத்துக்கு உரியது. அதில் வரும் இண்டிகா என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். புளிக்கு டாமரிண்டஸ் இண்டிகா என்று பெயர். ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. நாம் சிவன் கோயில் மரமாகவே நினைத்திருக்கும் நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பெயரில் கயானா நாட்டின் சாயல் இருக்கிறது: குரூபிடா கயானென்சிஸ். பூ கிளை நுனியில் வராமல் அடிமரத்திலேயே விழுதுபோலத் தொங்கி வருவதை அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டியவர் சுவீடனின் லின்னேயஸ். அவருடைய மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நம் கடற்கரைச் செடிகள் ஐரோப்பியத் தாவரவியலுக்குள் போன முக்கியமான வாசல்களில் ஒன்று அந்த ஊர். லால்பாக்குக்கும் தரங்கம்பாடிக்கும் நேரடித் தொடர்பே இருக்கிறது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம் இது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு இதைக் கவனித்துக்கொண்டவர்களில் ஒருவர், மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையோடு தரங்கம்பாடி வந்து தாவரவியலில் இறங்கிய பெஞ்சமின் ஹெய்ன். அரிதானது, அழகானது என்பதற்காக மட்டும் செடி வளர்க்க வேண்டாம், மக்களுக்குப் பயன்படுவதற்கு முதலிடம் கொடுங்கள் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவருக்கு உத்தரவிட்டார். கம்பெனி ஆட்சியின் கணக்கு அதில் இருந்தது என்பது வேறு விஷயம். நாமும் அதே கண்ணோடு இந்தத் தோட்டத்தைப் பார்த்தால் நமக்கு லாபம்.

ஒரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

எல்லா மரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஒரே ஒரு குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். டெல்டாக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பயறுக் குடும்பம். பலகையில் ஃபேபேசியே அல்லது லெகுமினோசே என்று இருக்கும்.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் ஈர வயலில் உளுந்து தெளித்துப் பழகியவர்கள் நாம். உளுந்தின் பூவும் காயும் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் என்றால் இரண்டு ஓடு, நடுவே வரிசையாக விதை. இதே அமைப்பு வானளாவிய மரங்களிலும் இருக்கிறது. குல்மோகரின் முழ நீளக் காயை எடுத்துப் பிரித்துப் பாருங்கள், புளியம்பழத்தைப் பாருங்கள், கொன்றையின் குழல் போன்ற காயைப் பாருங்கள். எல்லாம் உளுந்தின் உறவுக்காரர்கள்.

இந்தக் குடும்பத்துப் பூக்களைப் பழைய முறைப்படி மூன்றாகப் பிரித்துக்கொண்டால் தேடுவது எளிது. வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தது போன்ற பூ: உளுந்து, அகத்தி, புங்கம். ஐந்து இதழும் விரிந்து நிற்பது: கொன்றை, ஆவாரை, குல்மோகர், மந்தாரை. இதழ் கண்ணுக்கே தெரியாமல் நூல்நூலாக மகரந்தக் காம்புகள் மட்டும் தெரிவது: வாகை, கருவேலம், வன்னி, தூங்குமூஞ்சி. அரித்துவாரமங்கலத்து வன்னியும் நம் தரிசு நிலங்களை விழுங்கிக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலமும் அண்மைக்காலம் வரை ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தவை.

அசோகத்தையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் மதிலோரம் ஈட்டிபோல நிற்பதை அசோக மரம் என்கிறோம்; அது நெட்டிலிங்கம், சீத்தாப்பழத்தின் குடும்பம். உண்மையான அசோகம், சராகா அசோகா, பயறுக் குடும்பத்து மரம். செந்நிறத் தளிர் கொத்தாகத் தொங்கும், ஆரஞ்சுப் பூங்கொத்து கிளையை ஒட்டி வரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர் பிறகு குழம்பமாட்டார்.

அடுத்த முறை போகும்போது வேம்புக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மலைவேம்பும் மகோகனியும் அதில் சேர்த்திதான். மகோகனியின் கட்டைக் காய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். முற்றினால் ஓடு உதிர்ந்து, சிறகு வைத்த விதைகள் காற்றில் சுழன்று இறங்கும். வரப்பில் மகோகனி நட்டவர்கள் வளர்ந்த மரத்தின் அடிச்சுற்றையும் கிளை விரிவையும் கட்டாயம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து வியந்தால் மட்டும் போதாது, அளவு வேண்டும். ஒரு நூல்கண்டும் இஞ்சி டேப்பும் பையில் இருக்கட்டும்.

கிளை விரிவுக்கு, அடிமரத்திலிருந்து கிளை நுனியின் நேர்கீழ் வரை காலடி வைத்து நடந்து எண்ணுங்கள். இரண்டு எதிர்த் திசைகளிலும் எண்ணிக் கூட்டினால் அந்த மரம் கேட்கும் இடம் கிடைக்கும். வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நட வேண்டும் என்பதற்கு இதைவிட நம்பகமான கணக்கு இல்லை. அடிச்சுற்றை மார்பு உயரத்தில் நூலால் சுற்றி அளங்கள். உயரத்துக்கு வெயில் வேண்டும். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளங்கள்; உடனே மரத்தின் நிழலையும் அளங்கள். குச்சியின் நிழல் அரை மீட்டர், மரத்தின் நிழல் 10 மீட்டர் என்றால் மரம் 20 மீட்டர். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் அலுப்பு என்ற பேச்சே எழாது.

வேர் மேலே தெரிகிறதா, நடைபாதைக் கல்லைத் தூக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே உதிர்ந்த இலை எளிதில் மக்குவதா, தோல்போல நாள்கணக்கில் கிடப்பதா? கொல்லையில் கிணறும் கழிவுநீர்க் குழாயும் இருப்பவர்களுக்கு இவை முக்கியமான கேள்விகள்.

கைப்பேசியில் படம் எடுக்கும்போது ஒரு வரிசையைக் கடைப்பிடியுங்கள்: முதலில் பலகை, பிறகு முழு மரம், பட்டை, இலையின் மேல்புறம், அடிப்புறம், கடைசியாக உதிர்ந்து கிடக்கும் பூவோ காயோ. பலகையை முதலில் எடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து எந்தப் படம் எந்த மரம் என்று திண்டாட வேண்டாம். எதையும் பறிக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். உதிர்ந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

விட்டுவிடக் கூடாதவை

வெள்ளை இலவ மரம் ஒன்று இருக்கிறது, மிகப் பழையது. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நம் தலையணைப் பஞ்சு தரும் அதே இலவம்தான். நம் ஊரில் கிளைகளை மட்டமாக நீட்டி, ஒல்லியாக நிற்கும் மரம், வயதானால் எப்படி ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று கிடையாது. அடியில் வேர்கள் சுவர்சுவராக எழுந்து நிற்கின்றன. தாங்கு வேர் என்பதைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஊசிக் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் அராகேரியா மரங்கள் பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தவை. குக் பைன் என்று சொல்வார்கள். இதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: உலகில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிறது. பெங்களூருவில் தெற்கே சாய வேண்டும். கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் சரிபார்க்கலாம்.

கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதைக் கட்டிய காலத்தில் பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரூன்; 1874 முதல் 1908 வரை இந்தத் தோட்டத்துக்காகவே உழைத்தவர். வெளிநாட்டுக் காய்கறிகளையும் பழங்களையும் வரவழைத்து இங்கே வளர்த்துப் பார்த்துப் பரப்பினார். நம் சாம்பாரில் மிதக்கும் சௌசௌ, அதாவது பெங்களூர்க் கத்திரிக்காய், இந்தத் தோட்டத்தின் வழியாகப் பரவியதாகவே சொல்கிறார்கள். கண்காட்சி இல்லாத நாளில் மாளிகை காலியாக இருக்கும். இரும்புத் தூண்களின் வேலைப்பாட்டை நிம்மதியாகப் பார்க்கலாம். பூக்கடிகாரமும் போன்சாய்த் தோட்டமும் வழியில் வரும், பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள். ஏரிக்கரையை மதியத்துக்கு வைத்துக்கொண்டால் உட்கார நிழல் கிடைக்கும்.

கன்று வாங்குவதற்கு முன்

பூங்கா வளாகத்திலேயே கன்றும் விதையும் விற்கும் இடங்கள் உண்டு. அங்கே போனால் கை சும்மா இராது. அசேலியா, ஹைட்ரேஞ்சியா, குளிர்ப்பகுதி ரோஜா, ஆப்பிள் என்று வகைவகையாக அடுக்கியிருப்பார்கள். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் இவை தாக்குப்பிடிக்காது. கடைக்காரர் எங்கும் வளரும் என்று சொன்னாலும், இரவுக் குளிர் தேவைப்படும் செடியை விட்டுவிடுங்கள்.

வாங்கலாம் என்று நான் சொல்வது காய்கறி விதைகள், ஒட்டுக்கட்டிய பழக்கன்றுகள், நம் சமவெளியில் ஏற்கெனவே வளர்ந்து பார்த்த மரங்கள். பையின் அடியில் வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் வேண்டாம். உயரமான கன்றைவிடத் தண்டு பருத்த குட்டைக் கன்று நல்லது. ரயிலில் கொண்டுவரும்போது மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி, நுனி மட்டும் வெளியே தெரியக் கட்டி, இருக்கைக்கு அடியில் நிமிர்த்தி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடனே நடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பூவரசு நிழலிலோ மாமர நிழலிலோ வைத்து நம் காற்றுக்கும் வெப்பத்துக்கும் பழக்குங்கள். களிமண் நிலமாக இருந்தால் குழியைத் தாழ்த்தி நட வேண்டாம். ஒரு முழ உயரத்துக்கு மேடு போட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து, அதன்மேல் நடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசியில் தேங்கும் நீரில் வேர் அழுகிவிடும். கடற்கரைக் காற்று வீசும் ஊர்களில் முதல் இரண்டு ஆண்டுகள் ஊன்றுகோல் கட்டாயம்.

திரும்பி வந்த பிறகு

குறிப்பேட்டை மூடிவைத்துவிட வேண்டாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கியது. தமிழகத்தின் கர்நாடகச் சமவெளித் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல; நம் சமவெளியின் பழைய பெயர்) தாவரங்களைப் பற்றிய பெரும் நூல்வரிசை 1980-களின் தொடக்கத்தில் இங்கிருந்துதான் வெளிவந்தது. நம் வட்டாரங்களில் சேகரித்த செடிகள் தாள்களில் ஒட்டப்பட்டு, எந்த ஊரில் எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்புடன் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வுக்கான இடம் என்பதால் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்று, வேலைநாளில் போங்கள்.

உங்கள் ஊரில் பெயர் தெரியாத மரம் ஏதாவது இருந்தால், பூவோ காயோ உள்ள சிறு கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்திக்கொள்ளுங்கள். பூவின் நிறம், மரத்தின் உயரம், எடுத்த இடம், தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்; உலர்ந்த பிறகு நிறம் போய்விடும். இப்படிக் கொண்டுபோனால் அங்கே இருப்பவர்களால் பெயர் சொல்ல முடியும். வெறும் இலையை மட்டும் காட்டினால் அவர்களாலும் பல சமயம் சொல்ல முடியாது.